சராசரி மறைப்பது: நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் ஒழுங்கும் இடைவிட்ட தன்மையும்

பாகுநிலையுள்ள பாய்மங்களின் இயக்கத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை இரு கூட்டத்தார் இரு வேறு கேள்விகளோடு அணுகுகிறார்கள். கணிதவியலாளரின் கேள்வி இது: முப்பரிமாண வெளியில், எந்தக் கூர்முனையும் முறிவும் இல்லாத ஓர் ஓட்டத்தைத் தொடக்கமாகக் கொடுத்தால், அது எல்லாக் காலத்துக்கும் அவ்வாறே ஒழுங்காக நீடிக்குமா, அல்லது ஏதோ ஒரு கணத்தில் ஏதோ ஓரிடத்தில் திசைவேகம் எல்லையின்றி உயர்ந்து சமன்பாடே பொருளிழந்துவிடுமா? கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டு மே மாதம் பாரிசில் அறிவித்த 7 சிக்கல்களுள் இதுவும் ஒன்று. விடைக்கு 10 லட்சம் டாலர் பரிசு. இயற்பியலாளரின் கேள்வி வேறு: கொந்தளிக்கும் ஓட்டத்தில் ஓர் உணர்கருவியை வைத்து அளந்தால், நெடுநேரம் அமைதியாக இருக்கும் சமிக்ஞை திடீரென்று சில கணங்கள் மட்டும் மூர்க்கமாகத் துள்ளிவிட்டு மறுபடி அடங்குவது ஏன்? விட்டுவிட்டு எழும் இந்தக் குணத்தைத்தான் ஆய்வாளர்கள் இன்டர்மிட்டன்சி என்கிறார்கள். இங்கே இடைவிட்ட தன்மை என்று குறிப்பிடுகிறேன்.

இவ்விரு துறைகளின் கட்டுரைகளையும் மாறிமாறிப் படித்து வருபவன் என்ற முறையில், இரண்டாம் கேள்வி முதற்கேள்வியின் உள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. ஒழுங்குச் சிக்கலில் நம்மிடம் உறுதியாக இருப்பவை எல்லாமே சராசரிகளின் மீதான கட்டுப்பாடுகள்; நமக்குத் தேவைப்படுவதோ உச்சங்களின் மீதான கட்டுப்பாடு. அவை இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியின் அளவு, தீர்வு எவ்வளவு தூரம் இடைவிட்ட தன்மையோடு நடந்துகொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதன் அளவேதான். ஓர் ஊரின் ஆண்டுச் சராசரி மழையைத் தெரிந்துகொண்டு அவ்வூரின் வெள்ள அபாயத்தைச் சொல்ல முயல்பவரின் நிலைதான் இங்கே கணிதவியலாளருக்கும்.

சமன்பாட்டைச் சொற்களில் சொல்லிவிடலாம். பாய்மத்தின் ஒரு சிறு துணுக்கு அடையும் முடுக்கத்தை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன: அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தள்ளும் விசை ஒன்று, அக்கம்பக்கத்துத் துணுக்குகளோடு உரசுவதால் வேக வேறுபாடுகளைக் கரைக்கும் பாகுநிலை விசை மற்றொன்று. இவற்றோடு, பாய்மம் சுருங்குவதோ விரிவதோ இல்லை என்ற நிபந்தனையும் சேரும். கிளாட்-லூயி நேவியர் 1822இல் முன்வைத்து, ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1845இல் தெளிவாக வருவித்த இந்தச் சமன்பாட்டில் தொல்லை தருவது ஓர் உறுப்பு மட்டுமே. பாய்மம் தன் திசைவேகத்தைத் தானே சுமந்துசெல்கிறது. ஆகவே திசைவேகம் தன் வகைக்கெழுவாலேயே பெருக்கப்பட்டு வருகிறது. அந்த உறுப்பு இல்லையென்றால் இது வெப்பம் பரவும் சமன்பாட்டுக்கு நெருங்கிய உறவு. எல்லாம் காலப்போக்கில் மழுங்கி அடங்கிவிடும்.

1934இல் ஜான் லெரே வெளியிட்ட நீண்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய கதை தொடங்குகிறது. ஒழுங்கான தீர்வு எல்லாக் காலத்துக்கும் உண்டு என்று காட்ட அவரால் முடியவில்லை. ஆகவே தீர்வு என்பதன் பொருளையே தளர்த்தினார். ஒவ்வொரு புள்ளியிலும் சமன்பாடு நிறைவேற வேண்டும் என்று கேட்காமல், ஒழுங்கான சோதனைச் சார்பு எதனோடு பெருக்கித் தொகைப்படுத்தினாலும் சமன்பாடு நிறைவேறினால் போதும் என்றார். இவ்வாறு வரும் தீர்வுகளை இன்று நலிந்த தீர்வுகள் என்கிறோம். லெரே அவற்றைக் கொந்தளிப்புத் தீர்வுகள் என்றே அழைத்தார். ஒழுங்கு முறிவதே கொந்தளிப்பின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அவை எல்லாக் காலத்துக்கும் இருக்கின்றன என்பதை நிறுவினார். ஒரு தொடக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்குமா என்பதை விட்டுவிட வேண்டியிருந்தது. (இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக ஆஸ்திரியாவிலிருந்த முகாமில் அடைபட்டபோது, தம் பாய்ம இயக்கவியல் அறிவை ஜெர்மானியர் போருக்குப் பயன்படுத்தக்கூடும் என்று அஞ்சி, தாம் இடவியல் ஆய்வாளர் என்று மட்டும் சொல்லிக்கொண்டு அந்தத் துறையிலேயே பெரும்பணி செய்தவர் இவர். சமன்பாட்டுக்கு நேர்ந்த நட்டம் இடவியலுக்கு வாய்த்த கொடை.)

லெரேயின் கையில் இருந்த ஒரே உறுதியான கருவி ஆற்றல் சமன்பாடு. வெளியிலிருந்து யாரும் கலக்காத பாய்மத்தின் மொத்த இயக்க ஆற்றல் கூடவே முடியாது. பாகுநிலை அதை வெப்பமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அது மாறும் வீதத்தைக் கொடுப்பது என்ஸ்ட்ரோபி என்ற அளவு. பாய்மத் துணுக்கு ஒன்று தன்னைத்தானே எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பதைச் சுழல்மை என்று கொண்டால், அதன் வர்க்கத்தை வெளி முழுவதும் தொகைப்படுத்தக் கிடைப்பதே என்ஸ்ட்ரோபி. ஆக, ஆற்றல் விதி நமக்குச் சொல்வது இதுதான்: என்ஸ்ட்ரோபியைக் காலம் முழுவதும் தொகைப்படுத்தினால் கிடைப்பது ஒரு வரம்புக்குள் அடங்கும். எந்த ஒரு கணத்திலும் அது எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பதைப் பற்றி ஆற்றல் விதி வாய்திறப்பதில்லை.

இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. சிக்கல் முழுவதும் இங்கேயே தெரிந்துவிடும். என்ஸ்ட்ரோபி மாறும் வீதத்தில் இரண்டு பங்குகள் உண்டு. சுழலும் பாய்ம இழை ஒன்று நீளவாட்டில் இழுக்கப்படும்போது மெலிந்து, கோண உந்தம் காக்கப்படுவதால் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. அது என்ஸ்ட்ரோபியைக் கூட்டுகிறது. பாகுநிலை அதைக் குறைக்கிறது. இரு பரிமாணத்தில் இழுத்து நீட்டுவதற்குத் திசையே கிடையாது என்பதால் முதற்பங்கு சுழியாகிவிடும். ஓல்கா லடிஷென்ஸ்காயா 1950களின் பிற்பகுதியில் இரு பரிமாணச் சிக்கலை முடித்துவைக்க முடிந்ததன் அடிப்படை அதுவே. முப்பரிமாணத்தில் இரண்டு பங்குகளையும் வழக்கமான சமனிலிகளால் மோதவிட்டால் எஞ்சி நிற்கும் முடிவு: என்ஸ்ட்ரோபி வளரும் வீதம், என்ஸ்ட்ரோபியின் கன அடுக்கைப் பாகுநிலை எண்ணின் கன அடுக்கால் வகுத்து ஒரு மாறிலியால் பெருக்கியதைத் தாண்டாது.

கன அடுக்குக்குப் பதில் அங்கே வர்க்கம் வந்திருந்தால் சிக்கல் எப்போதோ முடிந்திருக்கும். அப்போது என்ஸ்ட்ரோபியின் மடக்கை வளரும் வீதம் என்ஸ்ட்ரோபியின் ஒரு மடங்குக்குள் அடங்கும். என்ஸ்ட்ரோபியின் காலத்தொகை வரம்புக்குட்பட்டது என்று ஆற்றல் விதி ஏற்கெனவே சொல்லிவிட்டதால், மடக்கையும் வரம்புக்குள் நிற்கும், தீர்வும் ஒழுங்காக இருக்கும். 3க்கும் 2க்கும் நடுவிலுள்ள அந்த ஓர் அடுக்குதான் லெரேயின் காலத்திலிருந்து தாண்டப்படாமல் கிடக்கிறது.

இதையே மறுபுறமிருந்தும் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட கணத்தில் தீர்வு வெடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கன அடுக்கு விதிப்படி, அந்தக் கணத்துக்கு எஞ்சியுள்ள நேரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்திலாவது என்ஸ்ட்ரோபி உயர்ந்தாக வேண்டும். மாறிலிகளை ஒதுக்கிவிட்டு எண்களில் சொன்னால்: எஞ்சிய நேரம் 0.01 ஆகும்போது என்ஸ்ட்ரோபி 10, அங்கிருந்து வெடிப்பு வரையிலான காலத்தொகை 0.2; எஞ்சிய நேரம் 0.0001 ஆகும்போது என்ஸ்ட்ரோபி 100, காலத்தொகை 0.02. உயரம் பத்து மடங்கு ஏற ஏற, ஆற்றல் கணக்கில் விழும் செலவு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. எல்லையற்ற உயரத்துக்குச் செல்லும் கூர்முனை ஒன்றை ஆற்றல் விதியால் தடுக்க முடியாது; அந்த முனை ஊசிபோல் மெலிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்த மட்டுமே முடியும். இதிலிருந்தே, ஒழுங்கு முறியும் கணங்கள் இருந்தாலும் அவற்றின் தொகுப்பு காலக்கோட்டில் (தனிப்புள்ளிக்கு 0, முழுக்கோட்டுக்கு 1 என்று எண்ணும் அளவையில்) அரைப் பரிமாணத்துக்கு மேல் போகாது என்பதும் வந்துவிடுகிறது.

கொந்தளிப்பைப் பற்றி எந்த அளவையும் உள்ளிடாமல், வெறும் சமனிலிகளைக் கொண்டு கணிதம் வந்து சேர்ந்த சித்திரத்தைக் கவனியுங்கள்: நெடிய அமைதி, இடையிடையே மிகக் குறுகிய, மிக உயர்ந்த வெடிப்புகள். உணர்கருவியின் சமிக்ஞையைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமான சித்திரம் அன்று.

அந்தச் சமிக்ஞையின் வரலாறு 1941இல் ஆந்த்ரே கோல்மோகோரோவ் எழுதிய சில பக்கக் கட்டுரைகளிலிருந்து தொடங்குகிறது. பெரிய சுழல்கள் சிறு சுழல்களாக உடைந்து, ஆற்றல் படிப்படியாகக் கீழ் அளவுகளுக்கு இறங்கி, கடைசியில் பாகுநிலையால் கரைக்கப்படுகிறது. நடுவிலுள்ள அளவுகளில் எல்லாவற்றையும் ஆற்றல் இறங்கும் சராசரி வீதம் ஒன்றே தீர்மானிக்கிறது என்று அவர் கொண்டார். அப்படியானால், குறிப்பிட்ட தொலைவிலுள்ள இரு புள்ளிகளின் திசைவேக வேறுபாட்டை எந்த அடுக்குக்கு உயர்த்திச் சராசரி எடுத்தாலும், அந்தச் சராசரி, உயர்த்திய அடுக்கில் மூன்றில் ஒரு பங்கை அடுக்காகக் கொண்டு தொலைவோடு மாறும்: 2ஆம் அடுக்குக்கு 2/3, 3ஆம் அடுக்குக்கு 1, 6ஆம் அடுக்குக்கு 2. போர்க்காலத்தில் வந்த இக்கட்டுரைகளை மேற்குலகம் கவனிக்கச் செய்தவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் பேட்ச்லர். அதே பேட்ச்லர்தான் ஆலன் டவுன்சென்டுடன் சேர்ந்து 1949இல் அதன் விரிசலையும் காட்டினார். காற்றுச் சுரங்கத்தில் சூடான மெல்லிய கம்பியால் வேகத்தை அளந்து, அந்தச் சமிக்ஞையின் வகைக்கெழுக்களை எடுத்துப் பார்த்தபோது, வகைக்கெழுவின் படி ஏற ஏறப் பரவல் சாதாரண மணிவடிவப் பரவலிலிருந்து மேலும் மேலும் விலகியது. சிறு அளவுகளில் ஆற்றல் வெளியெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை; ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் குவிந்திருந்தது.

லெவ் லாண்டவ் இதற்கும் முன்பே ஐயம் எழுப்பியிருந்தார். ஆற்றல் கரையும் வீதமே இடத்துக்கு இடம் ஏறி இறங்கும்போது, அதன் சராசரி ஒன்றைக் கொண்டு எல்லா அடுக்குகளுக்கும் பொதுவான விதி எப்படி வரும் என்பதே அந்த ஐயத்தின் சாரம். கோல்மோகோரோவ் அதை ஏற்று 1962இல் தம் கோட்பாட்டைத் திருத்தினார். 1984இல் ஆன்செல்மே, காஞ், ஹோப்ஃபிங்கர், அன்டோனியா ஆகிய நால்வர் 18ஆம் அடுக்கு வரை அளந்து வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு விலகலைப் பற்றி வாதிட அதிக இடமில்லை. 2ஆம் அடுக்கில் வேறுபாடு சிறியது: 0.67க்குப் பதில் சுமார் 0.70. 6ஆம் அடுக்கில் 2க்குப் பதில் சுமார் 1.78. அடுக்கு ஏற ஏற இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. உயர்ந்த அடுக்குகளின் சராசரியைத் தீர்மானிப்பவை அபூர்வமான வன்மையான நிகழ்வுகளே என்பதால் அது எதிர்பார்க்கத்தக்கதும்கூட.

நம்மவர் ஒருவரின் பெயரும் இந்தக் கதையில் குறுக்கிடுகிறது. வெண்குறு விண்மீன்களின் எல்லை நிறைக்காக உலகம் அறிந்த சு. சந்திரசேகர் 1955இல் கொந்தளிப்புக்கு ஒரு கோட்பாட்டை எழுதினார். அதில் திசைவேகத்தின் நான்காம் அடுக்குச் சராசரிகளை, மணிவடிவப் பரவலில் இருப்பதுபோல் இரண்டாம் அடுக்குச் சராசரிகளிலிருந்தே பெற்றுவிடலாம் என்ற எடுகோள் இருந்தது. ராபர்ட் கிரெய்ச்னன் போன்றோர் விரைவிலேயே குறைகளைச் சுட்டினர். அந்த வழி நீளவில்லை. இடைவிட்ட தன்மை என்பதே நான்காம் அடுக்கு இரண்டாம் அடுக்குக்குக் கட்டுப்பட மறுப்பதுதான் என்று பின்னோக்கிப் பார்க்கும் நமக்குச் சொல்வது எளிது.

வன்மையான திட்டுகள் எந்த வடிவில் இருக்கின்றன? 1990இல் ஷீ, ஜாக்சன், ஒர்சாக் ஆகியோரின் கணினிக் கணக்கீடு, மிக வன்மையான சுழல்மை மெல்லிய நீண்ட இழைகளில் குவிந்திருப்பதைக் காட்டியது. துறைக்குள் அவற்றுக்குப் புழுக்கள் என்றே பெயர். மறு ஆண்டே டுவாடி, கூடே, பிராஷே ஆகியோர் சிறு குமிழிகள் கலந்த நீரில் அவ்விழைகளைக் கண்ணால் பார்க்கும்படி செய்தனர்: சுழல் மையத்தில் அழுத்தம் குறைவதால் குமிழிகள் அங்கே போய்ச் சேர்ந்து வெண்ணிறக் கோடுகளாகத் தெரிந்து மறைந்தன. 1994இல் ஷீயும் லெவெக்கும் கொடுத்த எளிய சூத்திரம், மிக வன்மையான அமைப்புகள் ஒரு பரிமாண இழைகள் என்ற எடுகோளிலிருந்தே தொடங்கி, 6ஆம் அடுக்குக்கு 1.78 என்ற எண்ணை எட்டுகிறது.

கணிதத்தின் பக்கம் இதற்கிணையான முடிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. விளாடிமிர் ஷெஃபர் 1970களில் தொடங்கிய பணியை 1982இல் காஃபரெல்லி, கோன், நிரன்பர்க் மூவரும் முழுமைப்படுத்தினர். அவர்கள் நிறுவியது: ஆற்றல் விதியை ஒவ்வொரு சிறு பகுதியிலும் நிறைவேற்றும் நலிந்த தீர்வுகளில், ஒழுங்கு முறியும் புள்ளிகள் இருக்குமானால், காலமும் வெளியும் சேர்ந்த நாற்பரிமாணத்தில் அவற்றின் ஒரு பரிமாண அளவு, அதாவது நீளம் போன்ற அளவு, சுழி. பாகுநிலைப் பரவலின் இயல்புப்படி இங்கே காலத்திசை இரண்டு பரிமாணமாக எண்ணப்படுகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால் முடிவின் வலிமை புரியும். ஒழுங்கு முறிந்த புள்ளி ஒன்று தொடர்ந்து சிறிது நேரம் நீடிக்க முடியாது. ஒரே கணத்தில் ஓர் இழை முழுவதும் முறியவும் முடியாது. அதாவது, ஆய்வகத்தில் தெரியும் புழு ஒன்று மொத்தமாக வெடித்துவிடும் வாய்ப்பை இந்தத் தேற்றம் அடைத்துவிடுகிறது. அதன் மேல் தூவினாற்போல் சிற்சில புள்ளிகளை மட்டுமே விட்டுவைக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும், ஆனால் பல கட்டுரைகள் அதை நேராக எழுப்புவதில்லை: மெலிந்த தொகுப்பில் குவிவது ஒழுங்குக்கு நல்லதா, கெட்டதா? இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. மெல்லிய பொருளைப் பரவல் விரைவில் கரைத்துவிடும். ஆகவே வன்மையான பகுதி எவ்வளவு அரிதாகிறதோ அவ்வளவு பாகுநிலைக்குச் சாதகம் என்று வாதிடலாம். ஸோரன் குருயிச்சும் உடன் ஆய்வாளர்களும் இவ்வழியில் நெடுந்தூரம் சென்றிருக்கிறார்கள். மறுபக்கம், ஒரே அளவு ஆற்றலைச் சின்னஞ்சிறு இடத்தில் திணித்தால் அங்கே திசைவேகம் மிக உயரும். திசைவேகம் தன்னையே பெருக்கிக்கொள்ளும் உறுப்பு அதனால் வலுப்பெறும்.

எந்தப் பக்கம் வெல்லும் என்பதை ஒரு தோராயக் கணக்கால் பார்த்துவிடலாம். குறிப்பிட்ட ஒரு சிறு அளவில் உள்ள சுழல்கள், வெளியில் ஏதோ ஒரு பரிமாணமுள்ள தொகுப்பின் மீது மட்டும் குவிந்திருக்கின்றன என்று கொள்வோம்; பரிமாணம் 3 என்றால் எங்கும் பரவியுள்ளன, 1 என்றால் இழைகளில், 0 என்றால் புள்ளிகளில். ஆற்றல் வரம்புக்குட்பட்டது என்ற ஒரே தகவலைக் கொண்டு உச்சத் திசைவேகத்தைக் கணித்தால், 3இலிருந்து அந்தப் பரிமாணத்தைக் கழித்துப் பாதியாக்கிய அடுக்கில், அளவு சிறுக்கச் சிறுக்க அது உயரலாம். வகைக்கெழு அதற்கு மேலும் ஓர் அடுக்கைச் சேர்க்கும். எதிர்த்து நிற்கும் பாகுநிலையின் அடுக்கு 2. இரண்டும் சமமாகும் இடம், பரிமாணம் சரியாக 1. அதற்கு மேலிருந்தால் பாகுநிலை வெல்கிறது. கீழே இறங்கினால் மட்டுமே வெடிப்புக்கு வாய்ப்பு. பரிமாணம் 0 என்ற மிக மோசமான நிலையையும் அடக்க வேண்டுமானால் பாகுநிலையின் அடுக்கு இரண்டரை ஆக வேண்டும். ழாக்-லூயி லியோன்ஸ் 1960களிலேயே, சமன்பாட்டின் பாகுநிலை உறுப்பை 5/4 அடுக்குக்கு உயர்த்தினால் எல்லாத் தீர்வுகளும் ஒழுங்காக இருக்கும் என்று காட்டியதில் உள்ள 5/4 இதுவேதான். தோராயக் கணக்கு ஒன்று தேற்றத்தின் எண்ணைத் துல்லியமாகத் தருவது, அது வெறும் கைவீச்சு அன்று என்பதற்குச் சான்று.

அளவீடுகள் எங்கே நிற்கின்றன? எல்லாவற்றையும் ஒரே ஒரு பரிமாண எண்ணால் விவரிக்கும் எளிய மாதிரியில் பொருத்தினால், உண்மையான கொந்தளிப்பின் ஆற்றல் குவிந்துள்ள தொகுப்பு சுமார் 2.8 பரிமாணம் உடையது. ஆபத்தான 1க்கும் இதற்கும் வெகுதூரம். புழுக்கள் ஒரு பரிமாணத்தை ஒட்டியவை என்றாலும் அவை சுமக்கும் ஆற்றல் அற்பமானது. ஆகவே இயற்கை கொந்தளிப்பில் வழக்கமாகக் காட்டும் இடைவிட்ட தன்மை, வெடிப்புக்குத் தேவையானதைவிட மிக மிதமானது. இந்த ஒப்பீட்டில் மயங்கிவிடவும் கூடாது: அளவீடு சொல்வது வழக்கமான ஓட்டத்தை; தேற்றம் கேட்பது எந்த ஓட்டத்தையும்.

மிதமிஞ்சிய இடைவிட்ட தன்மை என்ன செய்யும் என்பதைக் கணிதவியலாளர் தாமே செய்து காட்டியிருக்கிறார்கள். 2019இல் டிரிஸ்டன் பக்மாஸ்டரும் விளாட் விகோலும் வெளியிட்ட முடிவு, வரம்புக்குட்பட்ட ஆற்றலுடைய நலிந்த தீர்வுகள் ஒரே தொடக்கத்திலிருந்து பலவாகப் பிரியும் என்பதை நிறுவியது. அமைதியாக நிற்கும் பாய்மம் தானாகக் கிளர்ந்தெழுந்து ஓடத் தொடங்கும் தீர்வும் அவற்றுள் உண்டு. அடிப்படை உத்தி, மிகக் கரடுமுரடான ஓட்டத்தில் பாகுநிலை இல்லாமலே ஆற்றல் குறையலாம் என்ற லார்ஸ் ஆன்சாகரின் 1949 ஊகத்தைத் தொடர்ந்து பாகுநிலையற்ற ஆய்லர் சமன்பாட்டுக்காக டி லெல்லிஸ், செக்கெலிஹிடி ஆகியோர் வளர்த்தெடுத்தது: மேலும் மேலும் நுண்ணிய அலைகளை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பிழையைக் குறைத்துக்கொண்டே போவது. பாகுநிலை குறுக்கே வந்தபோது சாதாரண அலைகள் செல்லுபடியாகவில்லை. பாகுநிலை அவற்றை அழித்துவிடும். ஆகவே 1க்கும் குறைந்த பரிமாணத்தில் குவியும் அலைகளை அவர்கள் வேண்டுமென்றே கட்டமைத்தார்கள். நிலையான குழாய்போன்ற ஓட்டங்கள் சரியாக 1இல் நின்றுவிடுவதால் முப்பரிமாணத்தில் அவை மட்டும் போதவில்லை. தோராயக் கணக்கின் எல்லைக்கோடு ஒரு தேற்றத்தின் உறுப்பாகவே மாறிய இடம் இது. இவ்வாறு கட்டப்பட்டவை லெரேயின் தீர்வுகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லெரே கேட்கும் ஆற்றல் விதியை அவை நிறைவேற்றுவதில்லை. லெரேயின் வகையிலும், ஒரு தொடக்கத்துக்கு ஒரே தீர்வு என்ற ஒருமை தவறும் என்று 2022இல் ஆல்பிரிட்டன், புருவே, கொலம்போ ஆகியோர் காட்டினர். அதற்கு வெளியிலிருந்து ஒரு விசை தேவைப்பட்டது.

இன்னொரு வழியில் இதே இடைவெளியை அளந்தவர்கள் ஜான் கிப்பனும் சார்லஸ் டோரிங்கும். சுழல்மையின் உச்ச மதிப்பை எடுத்துக்கொள்வோம். பீல், கேட்டோ, மஜ்தா ஆகியோர் 1984இல் ஆய்லர் சமன்பாட்டுக்கு நிறுவிய அளவுகோல் இங்கும் செல்லும்: உச்சச் சுழல்மையின் காலத்தொகை வரம்புக்குள் இருந்தால் தீர்வு முறியாது. நம்மிடம் உறுதியாக இருப்பதோ, 1981இல் ஃபோயாஸ், கீயோப்பே, தெமாம் ஆகியோர் கொடுத்த, அதன் வர்க்கமூலத்தின் காலத்தொகை மட்டும். தேவை 1ஆம் அடுக்கு, கையிருப்பு அரை அடுக்கு. கிப்பனும் டோரிங்கும் 2005இல் காலக்கோட்டை நல்ல இடைவெளிகள், கெட்ட இடைவெளிகள் என்று பிரித்து, கெட்டவை எவ்வளவு குறுகியவையாக இருந்தாக வேண்டும் என்பதைக் கணித்தனர். 2013இல் கிப்பன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட் உள்ளிட்டோருடன் சேர்ந்து நான்கு வெவ்வேறு கணினிக் கணக்கீடுகளைச் சோதித்தார். சுழல்மையின் வெவ்வேறு அடுக்குச் சராசரிகளைத் தக்க முறையில் அளவிட்டு வரிசைப்படுத்தியபோது, உயர்ந்த அடுக்குக்குரியது எப்போதும் தாழ்ந்த அடுக்குக்குரியதற்குக் கீழேயே நின்றது. பொதுவான சமனிலிகள் அப்படி நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஓட்டம் தனக்கு அனுமதிக்கப்பட்ட அளவு இடைவிட்ட தன்மையை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளாமல் தானாகவே பின்வாங்குகிறது. ஏன் என்பதற்குச் சமன்பாட்டிலிருந்து வரும் காரணம் எதுவும் இன்னும் கிடைக்கவில்லை.

கணினிச் சான்றுகளை நம்புவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2015இல் யூங், ஷாய், சீனிவாசன் ஆகியோர் ஒரு பக்கத்துக்கு 8192 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் கணக்கிட்டு, ஆற்றல் கரையும் வீதமும் சுழல்மையின் வர்க்கமும் சராசரியைவிட ஓர் இலட்சம் மடங்கு வரை உயரும் உச்சங்களைப் பதிவுசெய்தனர். 2018இல் யூங்கும் சீனிவாசனும் ஸ்டீபன் போப்புடன் சேர்ந்து, இத்தகைய உச்சங்கள் கட்டத்தின் நுணுக்கத்தையும் காலப் படியின் நீளத்தையும் பொறுத்து எவ்வளவு மாறுகின்றன என்பதை ஆராய்ந்து எழுதினர். சராசரிகள் எளிதில் நிலைபெற்றுவிடும். உச்சங்கள் கடைசியில்தான் நிலைபெறும்.

கன அடுக்குச் சமனிலி தேவைக்கு மேல் தாராளமாக இருக்கிறதோ என்று ஐயுறுவது இயல்பு. டோரிங்கும் லூ லூவும் 2008இல் அந்த வழியை அடைத்தனர்: ஒன்றையொன்று நோக்கி மோதும் இரு சுழல் வளையங்களைப் போன்ற ஓட்டத்தில், ஒரு கணத்துக்கு என்ஸ்ட்ரோபி உண்மையாகவே கன அடுக்கில் வளர்கிறது. ஆனால் அது நீடிப்பதில்லை. பார்டோஷ் புரோட்டாஸும் உடன் ஆய்வாளர்களும் 2020இல், குறித்த ஒரு கால அளவுக்குள் என்ஸ்ட்ரோபியை இயன்றவரை உயர்த்தக்கூடிய தொடக்கங்களைக் கணினியால் தேடிப் பிடித்தனர். கிடைத்த மிக உயர்ந்த மதிப்புகள் தொடக்க மதிப்பின் ஒன்றரை அடுக்கில் ஏறினவே தவிர, வெடிப்பின் சுவடு எதையும் காட்டவில்லை. வளையங்கள் நெருங்கும்போது தட்டையாகி, இழுவிசை தரும் வடிவத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன.

இந்தத் தற்கட்டுப்பாட்டை எந்தக் கருவி பிடிக்கும் என்பதில், டெரன்ஸ் டாவோவின் பணி ஒரு கதவை மூடியிருக்கிறது. ஆற்றல் விதியையும் வழக்கமான சமனிலிகளையும் அப்படியே நிறைவேற்றும்படி, ஆனால் திசைவேகப் பெருக்கல் உறுப்பைத் தக்கவாறு சராசரியாக்கி மாற்றிய ஒரு சமன்பாட்டை அவர் அமைத்து, அது வெடிக்கிறது என்று 2016இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். அந்த மாதிரியில் ஆற்றல் ஓர் அளவிலிருந்து அடுத்த நுண்ணளவுக்குத் தாமதமாக, ஆனால் ஏறக்குறைய முழுதாக, ஒரே தாவலில் இடம்மாறுகிறது. அதாவது காலத்திலும் அளவிலும் அதிகபட்ச இடைவிட்ட தன்மையோடு நடந்துகொள்ளும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றல் விதியையும் பொதுவான சமனிலிகளையும் மட்டும் பயன்படுத்தும் எந்த நிரூபணமும் இந்தச் சமன்பாட்டையும் ஒழுங்கானது என்று தவறாகச் சொல்லிவிடும் என்பதால், உண்மையான பெருக்கல் உறுப்பின் வடிவியலை ஏதோ ஒரு விதத்தில் தொட்டே ஆக வேண்டும். 1993இல் கான்ஸ்டன்டினும் ஃபெஃபர்மனும் காட்டியது அப்படிப்பட்ட ஒன்று: வன்மையான பகுதிகளில் சுழல்மையின் திசை மெதுவாகவே மாறுமானால் தீர்வு முறியாது. அருகருகே இணையாக ஓடும் இழைகள் ஒன்றையொன்று நீட்டுவதில்லை என்பதே அதன் உட்பொருள். கணினியில் தெரியும் புழுக்களின் நடுப்பகுதியில் திசை பெரும்பாலும் அப்படித்தான் சீராக இருக்கிறது. இரண்டு இழைகள் கோணத்தில் நெருங்கி அறுந்து மறுபடி இணையும் சிறு இடங்களில் மட்டும் அந்த நிபந்தனையைச் சரிபார்ப்பது கடினமாகிறது; ஆகவே இந்த மறுஇணைப்புகளைத் தனியே எடுத்து ஆராயும் கட்டுரைகளையே நான் இப்போது முதலில் திறந்து படிக்கிறேன்.